சாரத்திலிருந்து விழுந்த துரை

எங்கள் கம்பெனியில் வேலைக்குச் சேருகிற எவரும் முதலில் பார்க்கும் வெள்ளைக்காரர், கட்டடச் சாரத்திலிருந்து கீழே விழுகிறவர்தான். விமானம் விட்டு இறங்கி, மெடிக்கல் முடித்து, துபாய் அல் குசைஸ் கேம்பில் ஒரு கட்டில் பிடித்து, மறுநாள் காலை டிரெயினிங் ரூமில் வந்து உட்கார்ந்ததும் திரையில் அவர் தோன்றுவார். கோட்டு, டை, பளபளக்கும் சப்பாத்து, தலைக்குக் கொஞ்சம் பெரிதான ஹெல்மெட். உடம்பில் சேஃப்டி பெல்ட் கட்டியிருப்பார். ஆனால் அதன் ஹூக்கை எங்கேயும் மாட்டாமல் விட்டிருப்பார். அது பின்னால் வால் மாதிரி தொங்கும். உயரத்தில், பலகைமேல், ஊரையே விலைக்கு வாங்க வந்தவர்போல நடப்பார். நடந்தபடியே பலகை முடிகிற இடத்தையும் தாண்டிப் போய்விடுவார்.

படத்தில் ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. அறையில் தமிழர், பீகாரி, நேபாளி, பட்டான், பங்களாதேஷி என்று கலந்துகட்டி இருப்பார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் சிரிப்பார்கள். விழுந்த பிறகு அல்ல. கால் காற்றில் நிற்கும், அவருக்கு மட்டும் அது இன்னும் தெரியாது, முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. அந்த இடத்தில்.

பிறகு அதே நடை மறுபடி வரும். இந்த முறை ஹூக்கை மாட்டியிருப்பார். பலகையைத் தாண்டுவார், விழமாட்டார், அந்தரத்தில் தொங்குவார். தொங்கிக்கொண்டே டையைச் சரிசெய்வார். கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி ரோட்டின் அந்தக் கோடியை எட்டிப் பார்ப்பார். அதற்குமேல் இருப்பதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் படத்தைப் போட்டுக் காட்டி, தமிழிலும் அரைகுறை ஹிந்தியிலும் விளக்கம் சொல்வது என் வேலை. சேஃப்டி டிபார்ட்மென்டில் கிளார்க் நான். சொந்த இடம் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். எங்கள் தோட்டத்தில் மானேஜரைத் துரை என்றுதான் சொல்வோம். துரையின் ஜீப் சத்தம் கேட்டால் என் அப்பா தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். துரை தடுக்கி விழுவதை எங்கள் லயத்து வீடுகளில் யாரும் கனவிலும் கண்டதில்லை. அந்தப் பழக்கத்தில், படத்தை முதன்முதலாகப் போட்ட அன்று, "இப்ப பாருங்க, துரை மேல ஏறுறாரு" என்று சொல்லிவிட்டேன். பெயர் ஒட்டிக்கொண்டது. பீகாரிகளும் துரை என்றார்கள், பட்டான்களும் துரை என்றார்கள். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் இங்கே அதைச் சொன்னால் ஒருவருக்கும் அவரைத் தெரியாது.

படத்தில் நடிக்கக் கம்பெனி அவரைப் பேசியபோது, முதல் நாள் கூட்டிவர என்னைத்தான் சைட் கேட்டுக்கு அனுப்பினார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த காமெடி நடிகர் என்று சொன்னதால் நான் ஒரு குஷியான ஆளை எதிர்பார்த்துப் போனேன். நீண்ட முகமும் சுருக்கமில்லாத சட்டையுமாக ஒரு வயதான மனிதர், கையில் துணிப்பையோடு, பென்ஷன் விஷயமாக ஆபீசுக்கு வந்தவர்போல நின்றிருந்தார். ஷார்ஜா ரோலாவிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். கம்பெனி கார் அனுப்புவதாகச் சொல்லியும் வேண்டாம் என்றிருக்கிறார். அன்று முதல் கடைசிவரை அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கோபக்காரர் அல்ல, வருத்தக்காரரும் அல்ல. சிரிப்பு என்பது அவருக்கு வேலை. கொத்தனார் வீட்டுக்குப் போயும் சுவர் கட்டிக்கொண்டிருப்பாரா என்ன?

மூன்று நிமிஷப் படத்துக்கு, படம் எடுக்கும் முன் ஒரு வாரம் சைட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றார். எங்கள் சேஃப்டி மேனேஜர் எகிப்துக்காரர். "மூணு நிமிஷத்துக்கு எதுக்கு ஒரு வாரம்?" என்று கேட்டார். "மூணு நிமிஷம்தானே இருக்கு, அதனாலதான்" என்றார் இவர். அவர் பேசியது ஆங்கிலம். என் காதில் தமிழாகத் தங்கிவிட்டது, அப்படியே சொல்கிறேன்.

டீ கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இவங்க ஏன் ஹூக்கை மாட்டுறதில்ல?" அலட்சியம், அவசரம், ஃபோர்மன் போடுகிற ஜல்தி ஜல்தி, படிப்பறிவு இல்லை என்று எங்கள் டிபார்ட்மென்டில் எழுதி வைத்திருந்ததை எல்லாம் ஒப்பித்தேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஒன்றையும் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அரியலூர் பக்கத்துச் செல்லமுத்து எங்களுக்கு எதிரே இருந்த சாரத்தில்தான் வேலை பார்த்தான். சைட்டுக்கே அவன்தான் வாய். புதிதாக வந்த ஓர் ஆள், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஏறியதுமே ஹூக்கை எடுத்துக் கம்பியில் மாட்டினான். செல்லமுத்து மேலிருந்து பார்த்துவிட்டு, "என்னடா மாப்ள, கம்பிக்குத் தாலி கட்டுறியா? முகூர்த்த நேரம் பார்த்தியா?" என்றான். மொத்தச் சாரமும் குலுங்கிச் சிரித்தது. அந்தப் புது ஆள் காதெல்லாம் சிவந்துபோய் ஹூக்கைக் கழற்றிவிட்டான்.

துரை என் கையைத் தொட்டு, என்ன சொன்னான் என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். தாலி என்றால் என்ன என்றும் விளக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் கேட்டுக்கு நடக்கும்போதுதான் சொன்னார்.

"உங்க ஆபீஸ் சுவர்ல மண்டை ஓடு படமா ஒட்டி வெச்சிருக்கீங்க. சாவு வருது, சாவு வருதுன்னு. இவங்களுக்குச் சாவுப் பயம் இல்லாம இல்ல. ஆனா அதைவிடப் பெரிய பயம் அந்தச் சிரிப்பு. அது தப்பான பக்கத்துல உட்கார்ந்திருக்கு. அதைத் தூக்கி எதிர்ப்பக்கம் வைக்கணும். என் வேலை அவ்வளவுதான்."

எத்தனை வருஷமாக அந்த மண்டை ஓட்டுப் படங்களை என் கையாலேயே ஒட்டியிருக்கிறேன். இந்த மனிதர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பாஷை தெரியாமல், நோயைக் கண்டுபிடித்துவிட்டு பஸ் பிடிக்கப் போகிறார்.

சிரிப்புப் படம் என்றதும் எங்கள் மேனேஜர் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. அவரைக் குறை சொல்லக்கூடாது. அதற்கு முந்தைய வருஷம் விழுந்து இறந்த ஓர் ஆளின் வீட்டுக்கு போன் போட்டுச் சொன்னவர் அவர். ரத்தம் வேண்டும், அழுகிற மனைவி வேண்டும், பார்க்கிறவனுக்குச் சோறு இறங்கக்கூடாது என்றார். "சாவு விளையாட்டு இல்ல" என்று மேஜையைத் தட்டினார்.

துரை முழுவதும் கேட்டார். "சாவைப் பார்த்து அவங்க சிரிக்கப் போறதில்ல. தனக்கு மட்டும் அது வராதுன்னு நினைக்கிற ஒருத்தனைப் பார்த்துச் சிரிக்கப் போறாங்க. அவனை எனக்கு நல்லாத் தெரியும். வாழ்க்கை பூரா அவனாத்தான் நடிச்சிருக்கேன்."

"சரி. சிரிச்சிட்டு மறந்துட்டாங்கன்னா கலாஸ். படத்தைத் தூக்கிடுவேன்" என்றார் மேனேஜர்.

வாழ்க்கை பூரா என்று அவர் சொன்னதன் கணக்கு எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. ரோலாவில் ஒரு பணம் அனுப்பும் கடைக்கு மேலே, பழைய கட்டடத்தில், ஒற்றை அறை. ஏதோ ஒரு நாடகக் குழுவோடு ஹோட்டல்களில் நடிக்க வந்தவர். குழு கலைந்து மற்றவர்கள் திரும்பிப் போனபோது இவர் போகவில்லை. மாலில் கிறிஸ்துமஸ் தாத்தா, பேங்க் விளம்பரத்தில் கோபக்கார வாடிக்கையாளர் என்று கிடைத்ததைச் செய்தார். ஊரில் அவர் நடித்ததெல்லாம் ஹோட்டல் வெயிட்டர், கவுன்டர் கிளார்க், குழம்பிப்போன பாதிரியார், திருடன் ஓடிய பிறகு வருகிற போலீஸ்காரர். யாரும் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளாத முகம் தன்னுடையது என்று, ஷூ சைஸ் சொல்கிற மாதிரி சொல்வார்.

ஒரு நாடகத்தில் வெயிட்டராக ஓரத்தில் நின்று நாப்கின் மடிக்க வேண்டும். கதாநாயகர் நடுவில் நின்று காதல் வசனம் பேச, சனம் முழுக்க நாப்கினையே பார்த்தது. மறுநாள் இவரை இருட்டில் நிற்கச் சொல்லிவிட்டார்களாம். "கோபம் வரலையா?" என்று கேட்டேன். "அவர் சொன்னது சரி. கதை அவரோடது. நான்தான் மடிக்கிறதைக் கொஞ்சம் நிதானமா மடிச்சிட்டேன்" என்றார்.

அவருடைய அம்மா கதையை நான் இன்னும் மறக்கவில்லை. ஒரு சினிமாவில் இவர் வருகிற காட்சியை வெட்டிவிட்டார்கள். அம்மாவுக்குத் தெரியாது. போய்ப் பார்த்திருக்கிறாள், மகனைக் காணவில்லை. கண் சிமிட்டின நேரத்தில் வந்து போய்விட்டான்போல என்று நினைத்துத் திரும்பவும் போயிருக்கிறாள், அதன் பிறகும் போயிருக்கிறாள். நான் சிரிக்கவா வேண்டாமா என்று முழித்தேன். "சிரிக்கலாம். எங்க அம்மாவும் இதைச் சொல்லி ஊரைச் சிரிக்க வெச்சா. அவ மட்டும் சிரிக்கமாட்டா" என்றார். பிறகு, "சிரிப்பு யாரோடதோ, அவங்க சிரிக்கக்கூடாது. நான் கத்துக்கிட்ட தொழில் இவ்வளவுதான்" என்றார்.

லீவு நாள் சாயங்காலங்களில் அவர் ரோலாவில் துபாய் பஸ்ஸுக்கான வரிசையில் போய் நிற்பார். எங்கேயும் போவதற்கல்ல. தன் முறை வந்ததும் பின்னால் இருப்பவரை முன்னால் விட்டுவிட்டு மறுபடி கடைசிக்குப் போய்விடுவார். பங்களாதேஷி ஒருவர், "பாய், தபியத் டீக் ஹை?" என்று அவர் உடம்பைப் பற்றி அக்கறையாக விசாரித்ததை நானே பார்த்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தது, நேரமாகிவிட்ட ஒரு மனிதன் நேரமாகவில்லை என்பதுபோல எப்படி வாட்ச்சைப் பார்க்கிறான் என்பதை. அந்தரத்தில் தொங்கும் அந்தக் காட்சி ரோலா வரிசையிலிருந்து எடுத்தது.

படம் எடுத்த அன்று பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. கீழே மெத்தை போட்டிருந்தோம். வயதானவர், டூப் போடலாம் என்றார்கள். கேட்கவில்லை. விழுந்தார், எழுந்தார், "முன்கூட்டியே எனக்குத் தெரிஞ்சிடுச்சு, மறுபடி" என்றார். விழப்போவது தன் முகத்துக்குத் தெரியக்கூடாது, அதுதான் அவருக்குக் கவலை. கடைசியாக விழுந்தபோது கேமராக்காரர் சிரித்துச் சிரித்து ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டார். துரை சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு டீ கேட்டார்.

படம் பிய்த்துக்கொண்டு போனது. போனில் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். பஹ்ரைனில் ஈசா டவுனில் இருக்கும் என் மச்சான், ரொம்ப நல்லாயிருக்கு பாருங்க என்று எனக்கே அதை அனுப்பிவைத்தான். ஆனால் நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று நடந்தது. நம் ஆட்களுக்கு ஒருவனைப் பிடித்துப்போனால் அவனைப்போலவே நடந்து பார்க்காமல் இருக்க முடியாது. கேம்பில் தொடங்கியது சைட்டுக்கு வந்தது. ஹூக்கைப் பின்னால் தொங்கவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி, பலகைமேல் துரை நடை. அதில் கில்லாடி யார் என்று சொல்ல வேண்டியதில்லை. செல்லமுத்து நடந்தால் அசல் துரையே தோற்றார்.

மேனேஜர் கீழே நின்று இதைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "மாஃபி, கிடையாது. இனி இந்தப் படம் வேண்டாம். ஒருத்தன் விழுறதுக்குள்ள எடுத்திடு" என்றார் என்னிடம். நான் ரோலாவுக்கு போன் போட்டுத் துரையிடம் சொன்னேன். "அவர் பயப்படுறது நியாயம். நடக்கிறவங்களைப் பார்த்துக் கீழ இருக்கிறவங்க என்ன செய்றாங்க, அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

அதைப் பார்க்கத்தான் மறுநாள் நான் சைட்டில் நின்றேன். செல்லமுத்து ஐந்தாம் மாடி உயரத்தில் சாரத்தில் ஏறினான். ஹூக் தொங்கியது. அது நடிப்பா மறதியா என்று இன்றுவரை அவனுக்கே தெரியாது. அடுத்த தட்டில் இருந்தவன், அன்றைக்குத் தாலி கட்டிக் காது சிவந்த அந்தப் புது ஆள். அவன் நிதானமாகக் குரல் கொடுத்தான்.

"துரை, வால் தொங்குதுங்க."

மொத்தச் சாரமும் சிரித்தது. செல்லமுத்து ஒருத்தனுக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் சுண்டிப்போய், "சரிடா சரிடா, ரொம்பத்தான்" என்று முனகிக்கொண்டு ஹூக்கை எடுத்துக் கம்பியில் மாட்டினான். மாட்டிவிட்டு ஓர் எட்டு வைத்தான். பலகை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது.

பலகை கீழே போய் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தபோது செல்லமுத்து அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தான். மேனேஜர் அரபியில் கத்திக்கொண்டு ஓடினார். மேன்லிஃப்ட்டை, ஆளைக் கூடையில் வைத்து மேலே தூக்குகிற அந்த வண்டியை, யாரோ ஓட்டிக்கொண்டு வந்தார்கள். கீழே ஒருவருக்கும் மூச்சில்லை. கூடை அவனை நோக்கி மெல்ல மேலே போனது. அப்போது செல்லமுத்து, வெளிறிய முகத்தோடு, இல்லாத டையைச் சரிசெய்தான். கட்டாத வாட்ச்சைப் பார்த்தான். கூடை பக்கத்தில் வந்ததும் வலது கையை நீட்டி, அரியலூரில் டவுன் பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி நிறுத்தினான்.

அப்படி ஒரு சிரிப்பை நான் என் ஆயுளில் கேட்டதில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டக்கொட்டச் சிரித்தார்கள். மேனேஜர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை, நானும் அந்த நிலைமையில்தான் இருந்தேன். படத்தை எடுப்பதைப் பற்றி அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை.

டூட்டி முடிந்ததும் ரோலாவுக்கு ஓடினேன். ஓர் உயிர் தப்பிய கதையைச் சொல்கிறேன், மனிதர் நெகிழ்ந்துபோவார் என்று நினைத்தேன். ஆளுக்கு அடிபட்டதா என்று முதலில் கேட்டார். இல்லை என்றதும் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு கேட்டார், "கையை நீட்டினானா? உள்ளங்கை மேல பார்த்தா, கீழ பார்த்தா?"

"கீழ பார்த்து" என்றேன்.

எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். கீழே துபாய் பஸ்ஸுக்கு வரிசை நின்றது. "படத்துல நான் அந்த ஆளைக் காக்க வெச்சதோட விட்டுட்டேன். பஸ் வரணும்னு எனக்குத் தோணல" என்றார். "உங்க ஆள் அதை முடிச்சிட்டான்."

அடுத்த வாரம், யாரும் கூப்பிடாமல், அதே கோட்டையும் டையையும் துணிப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். அந்த ஒரு காட்சியைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றார். செல்லமுத்துவைக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, தான் நின்றுகொண்டு, "உங்களோடத நான் எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன். செல்லமுத்து பதறி எழுந்துவிட்டான். "அய்யய்யோ, என்னண்ணே இது, எடுத்துக்கச் சொல்லுங்கண்ணே. அவரு இல்லன்னா நானே இல்ல" என்றான். அந்த நடுங்கிய குரலையும் நான் மொழிபெயர்க்கப் பார்த்தேன், முடியவில்லை. துரைக்குத் தேவையும் படவில்லை. அவன் தோளில் கைவைத்து, "காட்டுங்க" என்றார்.

செல்லமுத்து காட்டினான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவனும் இளித்தான். துரை தலையசைத்தார். "இவர் சிரிக்கக்கூடாதுன்னு சொல்லுங்க. சிரிப்பு இவரோடது." திரும்பக் காட்டினான். அந்தப் பெரிய மனிதர், வயதில் பாதிகூட இல்லாத சாரக்காரனின் கையைப் பார்த்துப் பார்த்து, விரல் விரலாகத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார். பெல்ட்டில் தொங்கவிட்டு எடுத்தோம். கூடை வந்தது, கையை நீட்டினார், பஸ் நின்றது. இப்போது படம் முடிவது அங்கேதான்.

போன வருஷம் அவர் தன் அண்ணன் மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போனார். அங்கேயே இறந்துவிட்டார். அந்த ஊர்ப் பத்திரிகையில் வந்த சின்னச் செய்தியை போனில் படித்தேன். வெயிட்டர், கிளார்க், பாதிரியார், போலீஸ்காரர் எல்லாம் இருந்தது. கடைசிக் காலத்தை வெளிநாட்டில் கழித்தார் என்று ஒரு வரி. சாரத்தைப் பற்றி ஓர் எழுத்து இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த வளைகுடாக் கரையில் எந்தக் கேம்பில் போய்க் கேட்டாலும் துரையைத் தெரியாத ஆள் உண்டா? ராஜாவுக்கு எழுதுவதுபோல எழுத வேண்டிய செய்தி அது.

அன்று காலை ஒரு புது பேட்ச் வந்திருந்தது. நடிகர் இறந்துவிட்டார் என்று அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் மரியாதைக்காகச் சிரிக்காமல் இருந்துவிடுவார்கள், அதைவிடப் பெரிய அவமரியாதை அவருக்கு இல்லை. லீவு முடிந்து வந்தவர்களும் அந்த வகுப்பில் மறுபடி உட்கார வேண்டும். அப்படி வந்த செல்லமுத்து கடைசி வரிசையில் இருந்தான். அவனிடம் மட்டும் கதவருகில் வைத்துச் சொல்லியிருந்தேன். "எப்பண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டான்.

விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டேன். "இப்ப பாருங்க, துரை மேல ஏறுறாரு." வால் தொங்கியது, சிரித்தார்கள். விழுந்தார், சிரித்தார்கள். ஹூக்கை மாட்டிக்கொண்டு தொங்கினார், டையைத் தொட்டார், வாட்ச்சைப் பார்த்தார். கூடை வந்தது. அவர் கையை நீட்டினார், உள்ளங்கை கீழே பார்த்து. அறை இரண்டாகிற மாதிரி சிரிப்பு எழுந்தது.

நான் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். செல்லமுத்து நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளை முழங்கால்மேல் வைத்து, கண் இமைக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மட்டும் சிரிக்கவில்லை.